ஏற்றத்தில் மாடு வாலாட்டாது

மனசில் வைத்திருக்கும் பெண்ணை வேறொருவனுக்குப் பேசி முடிக்கப் போகிற மனிதரை, தன் கையாலேயே கதவைத் திறந்து காரில் ஏற்றி உட்காரவைத்து, ‘காலை உள்ள எடுத்துக்கங்க மாமா, கதவச் சாத்தணும்’ என்று சொல்ல வேண்டிய கதி எத்தனை டிரைவருக்கு வாய்த்திருக்கும்? கம்பத்துச் சுருளிக்கு வாய்த்தது. அதுவும் ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமையில், வானம் இருட்டிக்கொண்டு நிற்கிற நேரம் பார்த்து வாய்த்தது.

கார் கஸ்தூரியம்மாளுடையது. கீழே கம்பத்தில் வயலும் மேலே மலையில் ஏலத்தோட்டமும் உள்ள அந்த அம்மாள், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரையிடம் அதை வாங்கியிருந்தாள். துணிக்கூரை போட்ட பெரிய அமெரிக்க வண்டி. வாங்கிய நாளிலிருந்து சுருளிதான் ஓட்டுகிறான். வண்டியின் இருமல், தும்மல், விக்கல் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. யாராவது அதைக் குறை சொல்லிவிட்டால் தன்னைப் பெற்ற தாயைச் சொன்னதுபோல முகம் சிவந்துவிடும்.

பின் இருக்கையின் இடது பக்கம் உட்கார்ந்திருந்த ராக்கையாவுக்கோ மோட்டார் என்றாலே வேப்பங்காய். அவர் மாட்டுவண்டிக்காரர். குமுளி மலையிலிருந்து ஏலக்காய் மூட்டைகளை இறக்கி இறக்கியே குடும்பத்தை நிமிர்த்தியவர். பஸ்ஸும் லாரியும் மலையேறப் பழகியதிலிருந்து அவருக்குப் பாரம் குறைந்துவிட்டது. அவர் மகள் பூமாரியைச் சுருளிக்குக் கேட்டு அவன் தாய் ஆவணியில் போனபோது, மனிதர் கோபப்படாமல்தான் பதில் சொன்னார்.

“மாடு படுத்தா தடவிக் குடுத்து எழுப்பலாம் தங்கச்சி. மோட்டாரு படுத்தா யாரைத் தடவ? அதை நம்பிப் பொண்ணைக் குடுத்துட்டு நான் ராத்திரி தூங்க முடியுமா?”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பூமாரிக்குத் தன்மேல் விருப்பம் உண்டு என்று சுருளி நினைத்துக்கொண்டிருந்தான். நினைத்துக்கொண்டிருந்தானே ஒழிய, ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கார் முன்னால் நின்றால் வாய் ஓயாமல் பேசுகிறவன், அவள் எதிரே வந்தால் சக்கரத்துப் போல்ட்டை எண்ணத் தொடங்கிவிடுவான். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இன்றைக்குப் போவது குமுளிக்கு. அங்கே மளிகைக்கடை வைத்திருக்கிற கர்ணன் என்பவனுக்குப் பூமாரியைக் கொடுப்பதாக வாக்குச் சொல்லிவிட்டு வர வேண்டும். இந்தச் சம்பந்தத்தைத் தேடிப் பிடித்தது ராக்கையாவின் அக்காள் மூக்கம்மாள். அவளும் கூட வந்திருந்தாள். ராகுகாலம் பிறக்குமுன் வீட்டைவிட்டுக் கிளம்பி, அது கழிந்த பிறகு அங்கே போய் உட்கார வேண்டும் என்பது அவள் போட்ட கணக்கு. மழைக்குப் பயந்து பஸ் கூடலூரோடு நின்றுவிட்டது. மாட்டுவண்டியில் போனால் அடுத்த ராகுகாலத்துக்குத்தான் போய்ச் சேரலாம். விஷயம் கேள்விப்பட்ட கஸ்தூரியம்மாள், தன் பாரத்தைக் காலமெல்லாம் இழுத்த மனிதராயிற்றே என்று காரைக் கொடுத்துவிட்டாள். சுருளியின் நெஞ்சுக்குள் இருப்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது.

“சுருளி, பத்திரமாக் கூட்டிட்டுப் போயிட்டு வா. நல்ல காரியம்” என்று அவள் சொன்னதற்கு, “சரிங்கம்மா” என்றான். வேறென்ன சொல்வது?

கூடலூர் தாண்டும்வரை ராக்கையா இரண்டு கையாலும் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிற மாட்டுவண்டிகளுக்கெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டார். தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்கிற பயம். மூக்கம்மாள் டிரைவருக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கர்ணனின் கடையில் எத்தனை சாமான் உண்டு என்று அடுக்கிக்கொண்டு வந்தாள். துவரம்பருப்பில் தொடங்கியவள் கற்பூரத்துக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

சாதாரண மழையில்லை. மலையிலிருந்து இறங்கிவந்து முகத்தில் அறைகிற ஐப்பசி மழை. சுருளி கண்ணாடிக்கு மேலே கைநீட்டி வைப்பரின் திருகைத் திருகினான்.

வைப்பர் அசையவில்லை. இன்னொரு தரம் திருகினான். மூடித் திறந்தான். அது கண்ணாடியின் ஓரத்தில் சாய்ந்து, விருந்துக்கு வந்த மச்சான் மாதிரி படுத்தே கிடந்தது.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். சுருளிக்கு அந்த நொடியில் வந்தது சந்தோஷம்தான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. இந்த மழையில் வைப்பர் இல்லாமல் குமுளி மலையில் யாரும் ஏற முடியாது. திரும்பிவிடலாம். இன்று தவறினால் மூக்கம்மாள் அடுத்த நல்ல நாள் பார்ப்பதற்குள் தீபாவளி வந்துவிடும், அடைமழை வந்துவிடும், அதற்குள் எது வேண்டுமானாலும் நடக்கலாம்.

ஆனால் உடனே திரும்பினால் நன்றாக இருக்காது என்று, பேருக்கு ஒரு வைத்தியம் பார்த்தான். வண்டியை ஓரம்கட்டிவிட்டு மூக்கம்மாளிடம் கைநீட்டினான்.

“பெரியாத்தா, ஒரு துண்டு போயல குடுங்க.”

“இந்த நேரத்துல உனக்குப் போயல கேக்குதா?”

“எனக்கில்ல, கண்ணாடிக்கு. போயலையை நனைச்சுத் தேச்சா தண்ணி முத்து முத்தா நிக்காது. வழிஞ்சு ஓடிரும். டிரைவருமாரெல்லாம் செய்றதுதான்.”

மூக்கம்மாள் தன் சுருக்குப்பையிலிருந்து மனசில்லாமல் ஒரு துண்டைக் கிள்ளிக் கொடுத்தாள். அவன் இறங்கி நனைந்தபடி கண்ணாடி முழுக்கத் தேய்த்தான். ஒரு பர்லாங்கு தூரம் சாலை நன்றாகவே தெரிந்தது. பிறகு மழை புகையிலையைக் கழுவிவிட்டது.

“போச்சா என் போயல?” என்றாள் மூக்கம்மாள்.

மலையடிவாரம் நெருங்கியபோது சுருளி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். குரலில் வருத்தத்தை வரவழைத்துக்கொள்ளக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது.

“மாமா, இதுக்கு மேல ஏறுறது ஆபத்து. மலையில வளைவு தெரியாது. திரும்பிரலாம்.”

ராக்கையா அவனை நேராகப் பார்த்தார். காரில் ஏறியதிலிருந்து அவர் அவனை அப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“கெட்டுப்போச்சுன்னு சொல்றியா, கெடுத்து வச்சிருக்கேன்னு சொல்றியா?”

“என்ன மாமா இப்படிச் சொல்றீக?”

“பின்ன எப்படிலே சொல்ல? நேத்துவரைக்கும் நல்லா இருந்த மோட்டாரு, நான் ஏறுன அன்னைக்குப் பாத்துக் கண்ண மூடுது. பொண்ணு கேட்டு இல்லேன்னு சொன்னதுக்கு இப்படிப் பழி வாங்குறியாக்கும். உங்காத்தா நல்லவ. அவ வயித்துல நீ எப்படிலே பொறந்த?”

சுருளிக்குச் சுருக்கென்றது. வைப்பர் கெட்டதில் சந்தோஷப்பட்டவன்தான் அவன். அதைக் கெடுத்தவன் அவன் இல்லை. பெண் கிடைக்காமல் போவது ஒரு துக்கம். பயணிகளை நடுவழியில் ஏமாற்றிய டிரைவர் என்று பெயர் எடுப்பது வேறு. அந்தப் பெயரோடு அவன் நாளைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஹாரன் அடிப்பான்?

“இறங்கி வாங்க மாமா” என்றான். “உங்க கண்ணு முன்னாலயே பாக்குறேன். நான் கெடுத்திருந்தா நீங்களே கண்டுபிடிங்க.”

ராக்கையா இறங்கினார். தலையில் கோணிப்பையைக் கொங்காணி போட்டுக்கொண்டு, திருட்டு மாட்டைப் பிடித்தவர் மாதிரி பக்கத்திலேயே நின்றார். புளியமரம் பாதி மழையைத் தடுத்தது.

முதலில் சுருளி வைப்பர் கையைக் கண்ணாடியிலிருந்து தூக்கிப் பிடித்தான். ரப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இப்போது ஆட வேண்டும். ஆடவில்லை. விரலால் தள்ளிப் பார்த்தான். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தாராளமாகப் போய்வந்தது. ஆகவே எங்கேயும் இறுகிப் பிடிக்கவில்லை.

“இது எதுல ஓடுது? பெட்ரோல்லயா?” என்று கேட்டார் ராக்கையா. கேட்டது சந்தேகத்தில்தான், ஆனாலும் கேட்டார்.

“காத்துல மாமா. இஞ்சின் மூச்சு இழுக்குதுல்ல, அந்த இழுப்புலதான் ஓடுது. அங்கனயிருந்து ஒரு ரப்பர் குழாய் வருது. கண்ணாடிக்கு மேல இருக்குற இந்த டப்பாக்குள்ள ஒரு தகடு இருக்கு. குழாய் உறிஞ்ச உறிஞ்ச அது அங்கிட்டும் இங்கிட்டும் ஆடும். அதோட சேந்து கையும் ஆடும்.”

“இழுப்பு நோய்லயே ஓடுது ஒரு வண்டி” என்றார் அவர்.

சுருளி பானட்டைத் திறந்து குழாயை அடியிலிருந்து தடவிக்கொண்டே வந்தான். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. ரப்பர் வெடித்து, மயிரிழை மாதிரி ஒரு கீறல். அவனுக்கு நிமிர்ந்து நிற்கத் தோன்றியது.

“பாத்தீகளா? இது வெயில்ல வெடிச்சது. கத்தியால கிழிச்சா இப்படியா இருக்கும்?”

இருக்கைக்கு அடியில் கிடந்த பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டி, கீறலைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். இஞ்சினைக் கிளப்பி, கூத்து வாத்தியார் திரையை விலக்குகிற தோரணையில் திருகைத் திருகினான். வைப்பர் படுத்த இடத்திலேயே படுத்துக் கிடந்தது.

“ம்” என்றார் ராக்கையா. அந்த ஒரு எழுத்தில் ஒரு பஞ்சாயத்தே இருந்தது.

சுருளிக்கு வேர்த்தது. இப்போது அவன் குமுளியையும் மறந்துவிட்டான், கர்ணனையும் மறந்துவிட்டான். குழாயின் மேல் நுனியை டப்பாவிலிருந்து பிடுங்கி, விரலால் அடைத்துப் பார்த்தான். குழாய் விரலைக் கவ்விப் பிடித்து இழுத்தது.

“மாமா, உங்க விரல வைங்க.”

ராக்கையா தயங்கித் தயங்கி வைத்தார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். “கன்னுக்குட்டி மாதிரிச் சப்புது” என்றார். அதைச் சொல்லும்போது அவரையறியாமல் குரல் கொஞ்சம் இளகிவிட்டது.

“இழுப்பு இங்கன வரைக்கும் வந்துருது. கையும் தடையில்லாமப் போகுது. அப்ப நோவு இந்த டப்பாக்குள்ளதான் இருக்கணும். ஆனா என்னன்னுதான் தெரியல.”

மழை புளிய இலைகளைப் பிய்த்துக் காரின்மேல் போட்டுக்கொண்டிருந்தது. ராக்கையா டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பாரம் ஏற்றிய வண்டி சேற்றில் இறங்கிவிட்டால், வண்டி யாருடையது என்று பார்க்காமல் தோள்கொடுத்துப் பழகிய மனிதர் அவர். அந்தப் பழக்கம் இந்த நேரத்தில் தலையெடுத்துவிட்டது.

“ஏலே, சீமெண்ணெ டின்னுல ஒத்த ஓட்ட போட்டா எண்ணெ வருமா?”

“வராது. காத்துப் போக இன்னொரு ஓட்ட போடணும்.”

“அப்ப இது இங்கிட்டு உறிஞ்சுதுல்ல. அங்கிட்டுக் காத்து உள்ள வார வழி எங்கன இருக்கு?”

சுருளி அவரைப் பார்த்தான். பிறகு குழாயை டப்பாவில் மாட்டிவிட்டுக் காருக்குள் புகுந்து, ஸ்டியரிங்குக்கு மேலே தலையை அண்ணாந்து, டப்பாவின் உள்பக்கத்தைத் தடவினான். அடியில் ஒரு சின்னத் துவாரம் இருக்க வேண்டும். துவாரம் இருந்த இடத்தில், காய்ந்து கல்லாகிப்போன ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. அதன் நடுவில் அழகாகக் குங்குமமும் இருந்தது.

போன வாரம் ஆயுதபூஜை. அன்றைக்கு அவன் காரைக் கழுவித் துடைத்துவிட்டு வாழைக்கன்று வெட்டப் போனான். திரும்பி வந்தபோது கார் பொட்டும் பூவுமாக நின்றது. அதற்குப் பிறகு இன்றுவரை மழையில்லை. திருகைத் தொடவும் இல்லை. சந்தனம் சாவகாசமாக உட்கார்ந்து காய்ந்திருக்கிறது.

“பெரியாத்தா, சேலையில குத்தியிருக்குற ஊக்கக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க.”

“மொதல்ல போயல, இப்ப ஊக்கு. இன்னும் என்னத்தலே கேப்ப?” என்றாலும் கழற்றிக் கொடுத்தாள். அவன் ஊக்கின் முனையால் சந்தனத்தைக் கிளறினான். துணுக்குத் துணுக்காக உதிர்ந்து அவன் மூக்கில் விழுந்தது. துவாரம் திறந்ததுதான் தாமதம், உஸ் என்று ஒரு சத்தம் கேட்டது. வைப்பர் துள்ளி எழுந்து தடக் தடக் என்று ஆட ஆரம்பித்தது.

“பாத்தீகளா மாமா. பொட்டு. வெறும் பொட்டு. கஸ்தூரியம்மா பக்தியில எங்க வைக்கிறோம்னு தெரியாம வச்சிட்டாக” என்று சுருளி சிரித்தான்.

“கஸ்தூரியம்மாவா?” மூக்கம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். “அந்தம்மா எங்க வச்சாக? எல்லாம் நம்ம பூமாரி வச்சது. அன்னைக்குப் பூசைப் பொரிகடலை வாங்க நானும் அவளும் அந்தம்மா வீட்டுக்குத்தான் போயிருந்தோம். கிண்ணத்தைக் கையில வச்சுக்கிட்டு இந்த வண்டியச் சுத்திச் சுத்தி வாரா. சக்கரத்துக்குப் பொட்டு, விளக்குக்குப் பொட்டு, கதவுக்குப் பொட்டு. உள்ள ஏறி, அவன் பிடிக்கிற சக்கரத்தச் சுத்தி வச்சா பாரு, எண்ணவே முடியல. அவன் தலைக்கு மேல இருக்குற டப்பாவையும் விடல. பொங்கலுக்கு உன் காளைக்கு ஆளுக்கு ஒரு பொட்டு வைக்கவே மூக்கால அழுதவதான் அவ. ஏண்டி இவ்வளவுன்னு கேட்டா, மலையில ஏறி எறங்குற வண்டி அத்தை, ஒண்ணும் ஆகக்கூடாதுங்கிறா.”

சொல்லி முடித்த பிறகுதான் மூக்கம்மாளுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. வாயிலிருந்ததை அவசரமாக மெல்லத் தொடங்கினாள். பேசிக் காரியம் சாதிக்கிறவளுக்குப் பேசியே காரியம் கெட்டுப்போவது அது முதல் தடவை இல்லை.

சுருளி ஊக்கைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோய் உட்கார்ந்திருந்தான். அவன் நினைத்துக்கொண்டிருந்தது வெறும் நினைப்பில்லை. அதைத் தெரிந்துகொண்ட இடம்தான் தப்பு. அவள் கைவிட்டுப் போகிற பாதையில், அவளுடைய அப்பனுக்கு முன்னால், அவள் வைத்த பொட்டைத் தன் கையாலேயே சுரண்டிப் போட்ட பிறகு தெரிந்திருக்கிறது. அவனுக்கு அழலாம் போலவும் இருந்தது, அந்தப் புளியமரத்தைக் கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

ராக்கையா கோணிப்பையை உதறி மடித்துவிட்டுக் காரில் ஏறினார்.

“சரியாயிருச்சுல்ல. எடு வண்டிய. நேரமாகுது.”

சுருளி எடுத்தான். சமதரையில் வைப்பர் ஜோராக ஆடியது. அது ஒவ்வொரு தரம் கண்ணாடியைத் துடைக்கும்போதும் குமுளி மலை கொஞ்சம் கிட்டே வந்தது. கெட்டுக் கிடந்தபோதாவது ஒரு நம்பிக்கை இருந்தது. தானே சரிசெய்து தானே கொண்டுபோய் விடுகிற தன் சாமர்த்தியத்தை எண்ணி அவன் தன்னையே நாலு திட்டு திட்டிக்கொண்டான்.

மலை ஏறத் தொடங்கியது. முதல் வளைவு முடிந்து ஏற்றம் செங்குத்தானதும், ஆக்சிலேட்டரை மிதித்தான். வைப்பர் ஒரு தடவை பாதிதூரம் போய், யோசித்து, அங்கேயே நின்றுவிட்டது.

“நெனச்சேன்” என்றது பின்னாலிருந்து ராக்கையாவின் குரல். “மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்.”

“இல்ல மாமா, இது கேடு இல்ல. இதுதான் இதோட குணம்” என்றான் சுருளி. “இஞ்சின் பாரத்தை இழுக்குறப்ப அதுக்கே மூச்சுப் பத்தாது. இந்தக் கைக்குக் குடுக்க எங்க போகும்? காலை எடுத்தா ஆடும். பாருங்க.”

காலைத் தூக்கினான். வைப்பர் தடக் தடக் என்றது. கார் தள்ளாடி நிற்கப் பார்த்தது. மிதித்தான். கார் உறுமிக்கொண்டு ஏறியது, வைப்பர் நின்றது. மறுபடி தூக்கிக் காட்டினான், மறுபடி மிதித்தான்.

பின்னாலிருந்தவர் திட்டுவதற்கு வார்த்தை தேடுகிறார் போலிருக்கிறது என்று சுருளி நினைத்தான்.

“அட” என்றார் ராக்கையா மெதுவாக. “ஏத்தத்துல மாடு வாலாட்டாதுலே.”

“என்ன மாமா?”

“சமதரையில போகும்போது மாடு ஈ ஓட்டிக்கிட்டே போகும். வால் நிக்காது. மலை ஏத்தத்துல பாரு, முதுகுல ஈ அப்பிக் கெடந்தாலும் வால் அசையாது. இழுக்குற இழுப்புல அதுக்கு வேற நெனப்பு இருக்காது. அப்படி இழுக்குற மாட்டைத்தான் நான் வெலை பேசாம வாங்குவேன். வாலாட்டிக்கிட்டே ஏறுனா அது ஏமாத்துற மாடு.” கொஞ்சம் நிறுத்தி, “இதுவும் உசுரக் குடுத்துத்தான் இழுக்குது” என்றார்.

சுருளி ஸ்டியரிங்கை ஒரு தரம் தடவிக்கொடுத்தான். அவனுடைய வண்டியை இத்தனை சரியாக யாரும் இதுவரை புரிந்துகொண்டதில்லை, துரையும்கூட.

“கையால தள்ள இதுல ஒரு பிடி இருந்துச்சு மாமா. துரை காலத்துலயே ஒடஞ்சுபோச்சு.”

“கயிறு இருக்காலே?”

காரின் பக்கவாட்டுத் திரைச்சீலையைக் கட்டியிருந்த சணல் கயிறு இருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். வைப்பர் கையின் நுனியில் ராக்கையாவே முடிச்சுப் போட்டார். கயிற்றின் ஒரு முனை வலது பக்கமாக மூக்கம்மாளிடம் போயிற்று. மறுமுனையை அவர் இடது பக்கத்தில் கையில் சுற்றிக்கொண்டார்.

“அக்கா, நான் இழுத்ததும் நீ விடணும். நீ இழுக்கும்போது நான் விடுவேன். புரிஞ்சுதா?”

“சம்பந்தம் பேச வந்தவளக் கிணத்து மாடு மாதிரிக் கமலை இறைக்க விட்டுட்டானே பாவி” என்றாள் மூக்கம்மாள். ஆனால் இழுத்தாள்.

அப்புறம் அந்தக் கார் குமுளி மலையில் ஏறியதைப் பார்க்க இரண்டு கண் பத்தாது. கயிற்றைக் கையில் பிடித்ததும் ராக்கையா ஆளே மாறிவிட்டார். வளைவு வருமுன்னே கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார். ஏற்றம் முறுகியபோது அவர் நாக்கு தானாகவே ‘தெ, தெ’ என்று சத்தம் கொடுத்தது. ஒரு தரம், பாறையிலிருந்து தண்ணீர் கொட்டுகிற வளைவில் சுருளி திணறியபோது, “வெளிய ஒதுக்கு, வெளிய ஒதுக்கு. இங்கன உள்பக்கம் எப்பவும் சேறு நிக்கும். சக்கரம் எறங்கிரும்” என்றார். சுருளி ஒதுக்கினான். மலையின் ஒவ்வொரு பள்ளமும் அவருக்குக் கால்நகம் மாதிரி தெரிந்திருந்தது. மூக்கம்மாள் மட்டும் இரண்டு தரம் கயிற்றை விட மறந்தாள். வைப்பர் நடுவில் நின்று தம்பியா அக்காவா என்று விழித்தது.

திருவிதாங்கூர் எல்லைச் சுங்கச் சௌக்கையில் நின்றிருந்த சேவகன், காருக்கு மூக்கணாங்கயிறு கட்டி ஓட்டி வருகிற கூட்டத்தைப் பார்த்து, “எந்தா இது?” என்று கேட்டான். ராக்கையா கம்பீரமாக, “வண்டி” என்றார்.

சிரிப்பெல்லாம் கர்ணனின் வீட்டு வாசல்வரைதான். அங்கே பந்தக்கால் போடாத குறை. நாலைந்து ஆண்கள் குடையோடு வந்து வரவேற்றார்கள். ராக்கையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். மூக்கம்மாளும் போனாள். சுருளி காருக்குள் உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்துச் சுற்றி வைத்தான்.

உள்ளேயிருந்து உளுந்துவடை வாசனை வந்தது. நெய்யில் முந்திரி வறுபடுகிற வாசனையும் வந்தது. இந்தப் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிறவர்கள், பேச்சு முடிகிறவரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம், வெற்றிலை போடலாம். இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டால் மட்டும் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். இலை அறுக்க ஒரு ஆள் கத்தியோடு கொல்லைப் பக்கம் போவதைச் சுருளி பார்த்தான். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். காலையிலிருந்து அவன் எதுவும் சாப்பிடவில்லை, பசியும் இல்லை. நல்ல பையன் கர்ணன், கடையும் நல்ல கடை, மழையில் நனையாத தொழில் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். ஒரு ஆறுதலும் வரவில்லை.

கதவு திறந்தது. மூக்கம்மாள் தொப்பென்று பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

“நல்லாவே இல்ல. நல்லா இல்லவே இல்ல” என்றாள் யாரிடமோ. “வடை சுட்டிருந்தாக. பாயாசம் வச்சிருந்தாக. ஒரு வாய் தொட விட்டானா? சாதகம் ஒட்டலைன்னு ஒரு பொய்யச் சொல்லிட்டு எந்திரிச்சுட்டான். சாதகத்தப் பாத்ததே நாந்தான். எனக்குத் தெரியாத என்ன சாதகம் இவனுக்குத் தெரிஞ்சுபோச்சு?”

ராக்கையா பின்னால் ஏறவில்லை. சுற்றி வந்து, முன்னால் சுருளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சுருளி அவர் முகத்தைப் பார்க்கத் துணியாமல் இஞ்சினைக் கிளப்பினான். சந்தோஷப்படலாமா கூடாதா என்றே அவனுக்குத் தெரியவில்லை. வடையை வேண்டாம் என்றவர் தனக்குப் பெண்ணைக் கொடுப்பார் என்று யார் சொன்னது?

இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்க வேலையில்லை. வைப்பர் தானாகவே மழையைத் தள்ளிக்கொண்டு வந்தது. ராக்கையா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலை பாதி இறங்கியதும் தொண்டையைச் செருமினார்.

“உங்காத்தா வீட்டுலதான இருப்பா?”

“இருப்பாக மாமா.”

“சோறு ஆக்கியிருப்பாளா?”

“கம்மஞ்சோறு மாமா. துவையல் இருக்கும். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, வேற ஒண்ணும் இருக்காது.”

“அது போதும்” என்றார் ராக்கையா. “வண்டிய நேரா உங்க வீட்டுக்கு விடு. அங்கன போயிக் கை நனைச்சுக்கிறோம்.”

சுருளி வண்டியை ஓரம்கட்டாமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டான். பின்னால் மூக்கம்மாள் முணுமுணுப்பை நிறுத்திவிட்டு, முன்னால் சாய்ந்தாள்.

“ஏலே, மூணு பேருக்குப் பத்துமா?”

“பத்தும் பெரியாத்தா” என்றான் சுருளி. பத்தாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.